அம்சா கைக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு இந்த வருடம் வந்த மனுக்களில் பாதி அம்சா கொடுத்தவை. மீதிப் பாதி, அம்சாவைப் பற்றி மற்றவர்கள் கொடுத்தவை. செயலாளர் என்ற பெயரில் ஒற்றை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான்தான் இரண்டையும் வாங்கி அடுக்க வேண்டும். போன ஜென்மத்தில் எவன் வீட்டுக் கோழியைத் திருடித் தின்றேனோ தெரியவில்லை.

அம்சாவின் பிழைப்பே கோழிதான். வயது ஐம்பத்து நாலு. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் கடைசியில் வீடு. லாரி ஓட்டப் போன புருஷன் நெல்லூரிலேயே தங்கிவிட்டான். "அங்கியே கெடக்கட்டும், இங்க வந்தா அதுக்கும் சேத்து தீனி போடணும்" என்று அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவாள். மூன்று நாட்டுக்கோழியில் ஆரம்பித்து, மகள் சுஜாதாவை நர்சிங் படிக்க வைத்து, செங்கல்பட்டில் வேலைக்கும் அனுப்பிவிட்டாள்.

அவள் அடை வைத்தால் பன்னிரண்டு முட்டையில் பதினொன்று பொரிக்கும். அதற்கு ஊரில் 'அம்சா கை' என்று பேர். யார் வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முதல் முட்டையை எடுத்து வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். படூர் அடுக்குமாடிக்காரர்கள் சிலர் மொட்டை மாடியில் வளர்க்கக் குஞ்சு வேண்டுமென்று காரில் வந்து அவள் வாசலில் நிற்பார்கள். அவர்களையும் அவள் நிற்க வைத்துத்தான் பேசுவாள்.

போன தை மாதம் அவள் பின்சுவரை ஒட்டி கலையரசன் ஹாலோபிளாக் கம்பெனி போட்டான். சிமென்ட் கலவையை அச்சில் கொட்டி, மிஷின் அதிர அதிரக் கெட்டியாக்கிக் கல் எடுப்பார்கள். காலை ஏழு மணிக்கு அது உறுமினால் அம்சா வீட்டுப் பரணிலிருந்து டம்ளர் உருளும். மாட்டியிருந்த முருகன் படம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. எங்கள் ஊரைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்திருக்கும்.

டம்ளர் உருண்டதற்கெல்லாம் அம்சா மனு போடவில்லை. அடுத்த அடையில் பன்னிரண்டுக்கு நாலுதான் பொரித்தது. அதற்கடுத்து மூன்று. மீதியெல்லாம் கூமுட்டை. "அம்சாவுக்குக் கை போயிடுச்சி" என்று எதிர்வீட்டுப் பூங்கொடி தன் கோழிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் முதல் மனு வந்தது.

"இன்னா கிளார்க்கு, அவன் மிஷினால என் முட்டை கெடுது. என் கை நல்லாத்தான் கீது. அத்த எய்தி சீல் வெச்சிக் குடு."

"கைக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாதும்மா."

"அப்ப மிஷின நிறுத்து."

கலையரசனின் லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது நிபந்தனை: 'அருகிலுள்ள குடியிருப்புகளுக்குள் அதிர்வு உணரப்படக் கூடாது.' எவ்வளவு, எங்கே, யார் உணர்வது என்று ஒரு மண்ணும் இல்லை. எழுதினவன் வீட்டுப் பக்கத்தில் கம்பெனி இருந்திருக்காது. நான் வழக்கப்படி 'மேல்நடவடிக்கைக்கு' என்று எழுதி செங்கல்பட்டுக்குத் தள்ளிவிட்டேன். பதினேழாவது மனுவுக்குப் பிறகு பிரவின்குமார் என்ற இன்ஜினியர், அதிர்வு அளக்கும் மீட்டர் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஜீப் எங்கள் ஊருக்குள் திரும்புவதற்கு முன்பே கலையரசனுக்குச் சேதி போய்விட்டது. யார் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். மீட்டரை அம்சா வீட்டு வாசலில் வைத்தார்கள். மிஷின் ஓடியது. முள் சும்மா சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"வெறும் மிஷின ஓட்டிக் காட்டறான் சார்! கலவ போடாத சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று கத்திய அம்சா, உள்ளே போய்க் காலையில் பாழாய்ப்போன அடைக்கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். கலையரசன் குனிந்து வைக்கோலைக் கிளறினான். கிளறக் கிளற இரும்பு வந்தது. நாலு ஆணி, ஒரு பழைய பூட்டு, பிடியில்லாத அரிவாள், களைக்கொத்து.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று அடைக்கூடையில் ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வானத்து இடிக்கு ஒரு ஆணி போதும். இவன் நாள் முழுக்க இடிக்கிறானே என்று அம்சா இரும்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

கலையரசன் ஒரு முட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தான். மயிரிழை மாதிரி விரிசல். அது இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வைக்கோலில் பூட்டு கிடந்த பள்ளம்.

"நீயே இரும்பப் போட்டு ஒடச்சிகினு என் மேல பழி போடறியே யக்கா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

கூட்டம் சிரித்தது. பூங்கொடி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அம்சா அந்த முட்டையை வாங்கிப் பார்த்தாள், அடுத்ததையும் பார்த்தாள். இரண்டையும் கூடையிலேயே திரும்ப வைத்தாள்.

"ஆமா. நாந்தான் ஒடச்சேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஆணிக்குக் காலா மொளச்சிது, தானா போயி முட்ட?"

ஒரு எவர்சில்வர் தட்டில் அத்தனை இரும்பையும் கொட்டி வீட்டுக்குள் தரையில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைச் சுற்றி கம்பெனிக்குள் போனாள். மண்வெட்டியைப் பிடுங்கி, அச்சு நிறையக் கலவையை அவளே வாரிக் கொட்டினாள். "இப்ப போடுறா!" என்றாள். மிஷின்காரப் பையன் பயத்தில் முதலாளியைக்கூடப் பார்க்காமல் பட்டனை அழுத்தினான்.

அம்சா வீட்டுக்குள் தட்டில் ஆணிகள் குதிக்கக் கிளம்பின. பூட்டு நகர்ந்து அரிவாளில் மோதியது. மார்கழி பஜனைக்கு ஜால்ரா தட்டுகிற மாதிரி வீடு முழுக்கச் சத்தம். பிரவின்குமார் மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். முள் எழுந்து நின்றது.

"உணரப்படுகிறது" என்று எழுதினார். மிஷினைத் தள்ளி வைத்து, பள்ளம் வெட்டி, அடியில் ரப்பர் போட்டு, மறுபடி அளக்கிற வரை ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. கலையரசன் என்னிடம் வந்து புலம்பினான். இந்த முறையாவது மனசாட்சியோடு பள்ளம் வெட்டச் சொன்னேன். வெட்டினான்.

மிஷின் புது இடத்தில் ஓட ஆரம்பித்த அன்றே அம்சா பன்னிரண்டு முட்டை அடை வைத்தாள். ஒரு ஆணிகூடப் போடவில்லை. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பாழாய்ப்போன வானம் இடி இடியென்று இடித்துத் தள்ளியது. அவள் ஆணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளாம். கையை உள்ளே விடவில்லையாம். பூங்கொடிதான் வந்து சொன்னாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அம்சா அலுவலகத்துக்கு வந்தாள். என் மேஜையில், மனுக் கட்டின் மேலேயே, கூடையை இறக்கினாள். உள்ளே பதினொரு குஞ்சு. ஒன்று உடனே என் வருகைப் பதிவேட்டில் கழிந்தது.

"பன்னெண்டாவது?" என்றேன்.

"அது எப்பவும் நிக்காது" என்றாள். சொல்லும்போதே உதடு கோணியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நானே நம்பிட்டேன் கிளார்க்கு. கை போயிடுச்சின்னு நானே நம்பிட்டேன்."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். ஊராட்சியின் பெயர் அச்சிட்ட தாளில் ஒன்றை எடுத்து, மேற்படி அம்சாவின் கையில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதி, வட்ட சீலை அழுத்திக் குத்தினேன். எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஏழாவது நிபந்தனையைக் காட்டிக்கொள்கிறேன்.

அவள் அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். பிறகு மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கி, நேராகப் பூங்கொடி வீட்டுக்குப் போனாள்.