குழியில் விழுந்த பசு

குழந்தைகள் காப்பகத்தில் எல்லாருக்கும் அவள் பெரியம்மா. பல் முழுதாக முளைக்காததுகளுக்கு 'பெம்மா'. தையல் கம்பெனியில் வருஷக்கணக்காக மிஷின் மிதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட பிறகு, சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த இந்தக் காப்பகத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தாள். மூக்கு துடைக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், ஒருவன் கடித்தால் கடிபட்டவனைத் தேற்ற வேண்டும். உட்கார்ந்தால் எழ முடியாது; எழுந்தால் உட்கார நேரம் கிடையாது. வீட்டிலோ பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளை பெற்று அங்கேயே இருந்தாள். ஒற்றை அறை. கைக்குழந்தை விழித்தால் சுவர் உட்பட எல்லாம் விழிக்கும்.

ஆகவே அவள் நிம்மதியாகப் படுப்பது என்று ஒன்று இருந்தால், அது கரடியின் புண்ணியத்தில்தான்.

சாப்பாடு முடிந்ததும் டிவியில் கார்ட்டூன் கரடி வரும். நீலத் தொப்பி, விளக்குச் சுழலும் வண்டி. தினம் யாராவது எங்காவது மாட்டிக்கொள்வார்கள், கரடி போய்க் காப்பாற்றும். டிவியை நிறுத்தியதும் அறையிலிருக்கும் அத்தனை வாண்டும் கரடிதான். இத்தனை கரடி இருந்து என்ன, மாட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

"பெரியம்மா, நீ பசு. குழியில விழுந்துட்ட. படு!" என்பாள் சுருட்டை. மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தலைமுடியால் வந்த பெயர். அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"விழுந்துட்டேன்டி தாயே" என்று பாயில் சாய்வாள் பெரியம்மா. முதுகு தரையைத் தொட்டதும் உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழும். துண்டைக் கயிறாக்கி இழுப்பார்கள். பாதி இழுத்ததும் சுருட்டை கையை உயர்த்துவாள். "விளம்பரம்!"

கரடிகள் அப்படியே உட்கார்ந்துவிடும். டிவியிலும் பசு மேலே வருகிற நேரம் பார்த்துத்தானே சோப்பு விற்க வருவார்கள்! "அசையாத பெரியம்மா, இன்னும் முடியல." அவள் ஏன் அசைகிறாள்? குழிக்குள் அவ்வளவு சுகமாக எந்தப் பசுவும் கிடந்திருக்காது. சில நாள் குறட்டையே வந்துவிடும். பசுவுக்குக் காய்ச்சல் என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

ஒரு சாயங்காலம் சுருட்டையின் அம்மா, தோளில் ஆபீஸ் பையோடு, காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் வந்து நின்றாள்.

"இவளுக்கு வேற விளையாட்டே தெரியல மேடம். வீட்டுக்குப் போனா என்னையும் படு படுங்கிறா. படுத்தா, விளம்பரம்னுட்டு எங்கயோ போயிடுறா. நேத்து அடுப்புல பால் பொங்கி ஊத்துது, நான் குழிக்குள்ள கிடக்கேன்!"

மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் டிவி சுவரை விட்டு இறங்கியது.

"கொஞ்ச நேரம்தானே மேடம் பாக்குதுங்க..." என்று இழுத்தாள் பெரியம்மா.

"உங்க வேலை மிச்சமாகணும்னு குழந்தைங்க மூளை மழுங்கணுமா அக்கா?"

முதலாளியிடம் போய் 'நான்தான் அந்தப் பசு' என்றா சொல்வது?

சில நாள் கரடி ஞாபகத்திலேயே ஓடியது. பிறகு தொப்பி மறந்தது. விளம்பரம் சுருங்கியது; ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்தது. அப்புறம் ஒருநாள், படு என்று யாருமே சொல்லவில்லை.

சுருட்டை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒழுகாத ஒரு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆ காட்டு. காட்டுறியா, இல்ல காக்காவுக்குக் குடுத்துடவா?" ஒருத்தி காலி வாளியைத் தூக்க முடியாதவள் போலத் தூக்கினாள். ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஸ்ஸ் என்று பல்லைக் கடித்தபடி சுவரோரமாக நடந்தான். நான் இப்படியா நடக்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள் பெரியம்மா.

"பாத்தீங்களா அக்கா, டிவி போனதும் கற்பனை எப்படி வளருது!" என்று வாசலிலிருந்து பூரித்தார் மேடம்.

அவர் போனதும் பெரியம்மா தானே பாயை விரித்தாள், தானே விழுந்தாள். "ஐயோ, பசு குழியில விழுந்துருச்சே! யாராவது வாங்களேன்!"

சுருட்டை வந்தாள். இடுப்பில் கை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"பசு இல்ல. எந்திரி. இந்த இடத்தத் துடைக்கணும்."

"ஒரு விளம்பரமாவது போடுடி, கண்ணு."

"வேலை கிடக்கு" என்றாள் சுருட்டை.

பெரியம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல எழுந்தாள். அவள் கிடந்த இடத்தை மூன்று பெரியம்மாக்கள் குனிந்து துடைத்தார்கள்.