பூக்கூடை கணக்கு

பெரியவங்க அன்றாட வாழ்க்கையில கணக்கை எப்படிப் பழகுறாங்க, எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராய்ச்சி பண்றதுதான் என் வேலை. ஆனையூர்ல வீடு வீடா உக்காந்து, எப்படி எண்ணுவீங்கன்னு கேப்பேன். பதிலைவிட காபிதான் அதிகம் கிடைக்கும். யாராவது தப்பா எண்ணினா வாயைத் திறக்கக் கூடாது, பாத்துட்டு மட்டும் வரணும்ங்கிறது எங்க விதி.

அந்த விதி என் நிச்சயதார்த்தத்தன்னிக்கு என் கழுத்தையே பிடிச்சது. காதல் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பேரையூர். அவங்கம்மா அரைமனசாத்தான் ஒத்துக்கிட்டாங்க. பொண்ணு தலையில பூ வைக்கிற வரைக்கும் எதுவும் உறுதியில்ல, சகுனம் சரியில்லேன்னா திரும்பிருவேன்னு சொல்லிட்டுத்தான் வேன்ல ஏறினாங்களாம்.

சீர்த்தட்டு ஒத்தப்படையில வரணும். எங்க வாசல்ல தட்டுகளையும் ஒரு பூக்கூடையையும் வரிசையா இறக்கி வச்சதும், மாப்பிள்ளையோட சித்தப்பா கண்ணாலேயே ரெண்டு ரெண்டா ஜோடி சேத்துப் பாத்தாரு. ரெட்டைப்படை. வாழைப்பழத்தைப் பிரிச்சு இன்னொரு தட்டு வச்சாரு. அடுத்து மாப்பிள்ளையோட அத்தைக்காரி வந்து எண்ணினா ரெட்டை. அவங்க ஒரு தட்டு கூட்டினாங்க. சித்தப்பா திரும்பி வந்து பாத்தா மறுபடி ரெட்டை. ஆப்பிள் தீந்து சோப்பு வந்துச்சு, பவுடர் டப்பா வந்துச்சு. கடைசியா சித்தப்பா வச்ச தட்டுல ஒரு தண்ணி பாட்டில் மட்டும் உக்காந்திருந்தது.

மாடியில நின்னு பாத்தேன். எனக்குள்ள ஆராய்ச்சிக்காரி குதிக்கிறா, கல்யாணப் பொண்ணு செத்துக்கிட்டிருக்கா. ராகுகாலம் வேற நெருங்குது. மாப்பிள்ளையோட அம்மா முகம் இறுகி, வேன் பக்கமே பாத்தாங்க.

அத்தைக்காரி மறுபடி எண்ண வந்தப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. அவங்க பூக்கூடையையும் சேத்து எண்ணுறாங்க. கூடை எப்படித் தட்டாகும்னு சித்தப்பா அதை விட்டுடுறாரு. ஒருத்தருக்குச் சரியானா இன்னொருத்தருக்குத் தப்பு. விடிய விடிய வச்சாலும் தீராது.

விதியாவது ஒண்ணாவது. படபடன்னு இறங்கி வாசலுக்கே போய்ச் சொல்லிட்டேன். கூப்பிடாம பொண்ணு வெளிய வரலாமான்னு எங்கம்மா பின்னாடியே ஓடி வந்தாங்க. சொன்னது வம்பாப் போச்சு. கூடை சீர்ல சேத்தியா இல்லையான்னு சித்தப்பாவும் அத்தைக்காரியும் தெருவுலயே மல்லுக்கு நின்னாங்க. நடுவுல நான்.

மாப்பிள்ளையோட அம்மா நேரா வந்தாங்க. கூடையில இருந்த அம்புட்டு மல்லிகைச் சரத்தையும் அள்ளுனாங்க. என்னைத் திருப்பி நிறுத்தித் தலையில வச்சாங்க. வெறுங்கூடையை வேனுக்குள்ள தூக்கிப் போட்டாங்க.

"பூ போக வேண்டிய இடத்துக்குப் போயிருச்சு. இப்ப எண்ணுங்க."

சித்தப்பா எண்ணினாரு. அத்தைக்காரி எண்ணினாங்க. ரெண்டு பேருக்கும் ஒத்தப்படை. தண்ணி பாட்டில் தட்டை நானே தூக்கிக்கிட்டு உள்ள போனேன்.