குழாய்க்குப் போட்ட கட்டு

கையெழுத்து வாங்க எவர் வந்தாலும் நான் முதலில் செருப்பைத்தான் பார்ப்பேன். சேறு ஒட்டாத செருப்பென்றால் வாசலோடு சரி. ஏதோ விவசாயத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அன்று வந்த பெண்ணின் செருப்பில் சேறு இருந்தது. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. என்னைக் கேட்காமலே வயலுக்குள் இறங்கிவிட்டு வந்திருக்கிறாள்!

கேட்க வேண்டியவளிடம் கேட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். சோழவந்தானுக்கு மேற்கே இருக்கும் அந்த ஒன்றரை ஏக்கர் என் மனைவிக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. நெல் அவள் பாடு. நான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கவுளி கட்டுகிறவன்.

அந்தப் பெண் வயலில் சுற்றிலும் துளை போட்ட ஒரு முழ நீளப் பிவிசி குழாயைப் புதைத்திருந்தாள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டாமாம். குழாய்க்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கியபின் பாய்ச்சினால் போதுமாம். வேர் ஆழமாகப் போகும், மண்ணுக்கும் மூச்சு கிடைக்கும் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மீத்தேனும் கொறையும்ணே."

மீத்தேன்! அதை உறிஞ்சி எடுக்க வயலில் மெஷின் இறக்கப் போகிறார்கள் என்று தஞ்சாவூர்ப் பக்கம் சனம் ரோட்டில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்தவன் நான். "எங்க வயல்ல மீத்தேன் இருக்குன்னு ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"எல்லா நெல்வயல்லயும் உண்டுண்ணே. தண்ணி தேங்குனா சேத்துக்குள்ள உண்டாகி மேல வந்துரும். பூமி சூடாகுறதுக்கு அதும் ஒரு காரணம்."

"அப்ப குழாய் எதுக்கு?"

"தண்ணி எம்புட்டு எறங்கியிருக்குன்னு பாக்கத்தாண்ணே."

தண்ணீரைப் பார்க்கக் கண் போதாதா? யாருக்குக் காது குத்துகிறாள்?

மனைவி தினமும் காலையில் குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்து, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவாள். அந்தப் போட்டோதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "நாளைக்கு மெஷினோட வந்து நிப்பாக, பாரு" என்றேன்.

"வந்தா நீங்க கொடிக்கால்ல ஒளிஞ்சுக்கங்க" என்றாள்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் போய்க் குழாயைப் பிடுங்கினேன். ஒயர் இருக்கும், மெஷின் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே கொஞ்சம் சேறும் ஒரு நத்தையும்தான். ஒன்றுமே இல்லாதது எனக்குப் பெரிய சூதாகப் பட்டது. உரச்சாக்கின் பிளாஸ்டிக் உள்பையை அடியிலிருந்து உறைபோல மாட்டி, எல்லாத் துளையும் மூடும்படி வாழைநாரால் இறுக்கிக் கட்டி, சேற்றுக்குள் திரும்பப் புதைத்தேன். அவளுக்குச் சந்தேகம் வராதிருக்க உள்ளே தண்ணீரும் ஊற்றிவைத்தேன். இனி எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்!

அந்த வருஷம் கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை வந்த அன்று மனைவி குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறாள். குழாய் நிறையத் தண்ணீர். "உள்ள தண்ணி கெடக்குண்ணே, இந்த மொறைய நீங்க வச்சுக்கங்க" என்று பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். கொடிக்காலில் இருந்த எனக்கு அது தெரியாது.

வயல் வெடித்தது. மேலே வெடித்தாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்று குழாயை நம்பிக்கொண்டிருந்தாள். தோகை சுருண்டு நுனி கருகத் தொடங்கியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறைக்கு இன்னும் நாள் கிடந்தது. அந்த வெள்ளாமை வீடு வந்தால்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு.

"நீங்க சொன்னது நெசந்தாங்க. நல்லா ஏமாத்திட்டா" என்று அழுதாள். போனை எடுத்து, "இனிமே எங்க வயப்பக்கம் வராத" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பை கட்டியதைச் சொல்லவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா!

குழாயைத் தூக்கி எறியப் பிடுங்கினாள். பையும் கூடவே வந்தது. அவள் பையைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தாள். நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. தினமும் வெற்றிலைக் கட்டுக்கு நான் போடும் முடிச்சு.

"எம்புட்டு நாளா இருக்கு இது?"

"இருவது நாளா."

"எதுக்குக் கட்டுனீக?"

"மீத்தேன்னு சொன்னாள்ல…"

சிரிப்பாள், இல்லை திட்டுவாள் என்று நின்றேன். இரண்டும் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் நம்பரைத் திரும்பப் போட்டு, போனை என் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் அழுத குரலில், "சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.