சுந்தரேஷுக்குச் சரியான லைன் கிடைத்தது

மத்திய அரசில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியும் அசிஸ்டென்ட் நாற்காலியைத் தாண்டாதவர் சுந்தரேஷ். ஆபீசில் அவரை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு, டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் டி.வி. முன்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவர் ‘சீஃப்’. தங்கை மேதா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேம் கன்சோலில், நாலு பேர் துப்பாக்கிச் சண்டை டீம் ஒன்றுக்கு அவர்தான் முதல் ஆள். மற்ற மூவரும் மயூர் விஹார் இளவட்டங்கள். ‘சீஃப்’ என்ற பெயரை வைத்ததே அவர்களில் மூத்தவனான அருள்ராஜ்தான். அதைக் கேட்பதற்காகவே சுந்தரேஷ் ஆபீசிலிருந்து ஓடி வருவார்.

குறை ஒன்றுதான், இன்டர்நெட் லைன். ட்ரிகரை அழுத்தினால் குண்டு நிதானமாக யோசித்துவிட்டுக் கிளம்பும். கன்சோலோ கண்காணாத தேசத்து ஆட்களை எதிரே கொண்டுவந்து நிறுத்தும். அப்படியும் ஆட்டத்துக்கு இருபது பேரைச் சாய்த்தார். லைன் மட்டும் சரியாக இருந்தால் நாற்பது என்று மனுஷர் மனதார நம்பினார்.

வேறு யாராக இருந்தாலும் கம்பெனியை மாற்றியிருப்பார்கள். இவர் ஃபைல் திறந்தார். எந்தத் தேதியில் எத்தனை முறை திரை உறைந்தது என்று அட்டவணை போட்டு, நகல் மேலதிகாரிக்கு என்று எழுதி, நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் அனுப்பினார். ஏழாவதில் கம்பெனிக்கே தாங்கவில்லை. 2008 மார்ச்சில் லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து புது வயர் இழுத்துக் கொடுத்தான்.

அன்று சுந்தரேஷ் சுட்டது மூன்று பேரை. செத்தது இருபத்தாறு தடவை. மறுநாள் இன்னும் மோசம். ஒரு வாரம் பார்த்துவிட்டு அருள்ராஜ் விஷயத்தை உடைத்தான்.

“அங்கிள், உங்க பழைய லைன் ஸ்லோ. மத்தவங்க ஸ்க்ரீன்ல நீங்க தாண்டிப் போன இடத்துலதான் தெரிவீங்க. அவங்க காத்தைச் சுட்டுட்டு இருந்தாங்க. நீங்க ஜெயிச்சது அதனாலதான்.”

சீஃப் போய் அங்கிள் வந்திருந்தது. சுந்தரேஷ் கெஞ்சினார்.

“ஒரு மாசம் டைம் குடுப்பா. பழகிடுவேன்.”

“அடுத்த வாரம் டோர்னமென்ட் அங்கிள். சாரி.”

டீம் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது.

பன்னிரண்டு நாள் அவர் கன்சோலைத் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்தார். லைன் நன்றாக இருந்தால் கன்சோல் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். டில்லியில் அந்த ஆட்டம் ஆடுகிறவர்களே சொற்பம். எதிரணியில் வந்து நின்றது அருள்ராஜும், பழைய இருவரும், புதிதாக ஒருவனும்.

“அரே, அங்கிள்டா! வேற யாரையும் தொடாதீங்க. அவரையே அடிங்க!” என்று ஹெட்செட்டில் அருள்ராஜ் கத்தினான்.

செத்து எழுந்து வரும் இடத்திலேயே காத்திருந்து அடித்தார்கள். எழுந்தார், அடித்தார்கள். முப்பது, முப்பத்தைந்து. ஒவ்வொரு சிரிப்பும் துளி விட்டுப்போகாமல் காதில் விழுந்தது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் குரல்களைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“ஏன்னா, இப்போ லைன் தேவலையா?” என்று சமையலறையிலிருந்து மனைவி வத்சலா கேட்டாள்.

“ரொம்ப நன்னா இருக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே நாலு பேர் வந்தார்கள்.