சிட்டுவுக்குப் போட்ட கிளிஞ்சல் தூள்

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் சௌந்திரம் அக்காவிடம் தீவனத்தைப் பற்றி யாரும் வாய் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் அரை நாள் போய்விடும். சுண்ணாம்புச் சத்துக்காகத் தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் தூள் குறைந்தால் முட்டை ஓடு மெலிந்துபோகும் என்பது முப்பது வருடமாக அவருக்கு அத்துப்படி.

அவர் வீட்டு நாய் சிட்டு சினையானதும் தினமும் சோற்றில் ஒரு ஸ்பூன் அந்தத் தூளைக் கலந்து போட்டார். "முட்டை போடற கோழிக்கே வேணும்னா, குட்டி போடறதுக்கு வேண்டாமா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரி நான். எனக்கும் சரியென்றுதான் பட்டது. என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சிட்டு ஐந்து குட்டி போட்டது. பதினெட்டாம் நாள் காலை அக்கா போன் செய்தார்.

"சத்யா, சிட்டு வெறைச்சுக் கெடக்குது. சீக்கிரம் வண்டிய எடுத்துட்டு வா சாமி!"

போய்ப் பார்த்தேன். கால்கள் விறைத்து, உடம்பு உதறி, எச்சில் வழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் கொதித்தது. அக்கா அதை மடியில் கிடத்திக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினார். வழியில் ஒரு கரும்பு டிராக்டர் ஒதுங்க மறுத்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

கால்நடை டாக்டர் பிரபாகர் பார்த்ததுமே கேட்டார்: "சினையா இருக்கறப்ப ஏதாச்சும் சத்துப் பொடி குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் அக்கா. நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் சிட்டுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி, கால் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றினார்.

"கால்சியம்ங்க. வேகமா ஏத்துனா இதயம் நின்னுரும்."

அக்கா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டார். "ஐயோ, ஏத்தாதீங்க! அதத்தானுங்க தெனமும் குடுத்தேன்! கிளிஞ்சல் தூள் போட்டேனுங்க!"

"கைய உடுங்க!" டாக்டர் அதட்டினார். கொஞ்ச நேரம் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அதனாலதானுங்க இப்படி. வெளிய இருந்தே நெறைய வந்தா, எலும்புல இருக்கறத எடுத்துக் குடுக்க ஒடம்பு பழகாது. குட்டிக பாலக் குடிக்கக் குடிக்க ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சுபோச்சு. கோழிக்குத் தெனமும் ஓடு கட்டோணும். நாய்க்கு அந்த வேலை இல்லீங்களே."

தீவனம் என்றால் அரை நாள் பேசுகிற அக்கா, சிட்டுவின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அரை மணி நேரத்தில் உதறல் நின்றது. சிட்டு தலையைத் தூக்கியது. குட்டிகளை ஒரு நாளைக்குப் பால் குடிக்க விடக் கூடாது, பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் குட்டிகள் ஐந்தும் கத்திக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டதும் சிட்டு தள்ளாடியபடி அங்கே போகப் பார்த்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திமிறிப் பார்த்துவிட்டு, முடியாமல், அது அவர் முகத்தை நக்கியது.

"என்னைய நக்காத கண்ணு" என்று சொல்லி அக்கா அழுதார். பிடியை மட்டும் விடவில்லை.