நஞ்சைப் பிரித்துவிட்ட மாத்திரை

பள்ளிப் புத்தகத்தில் செங்காந்தளை மாநிலப் பூ என்று படம் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் அப்பா அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு அது கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரில், எங்கள் காட்டு நிலத்தில், கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றி, விதைக்காகவே அதை வளர்த்தார். கல்யாணமாகித் திண்டுக்கல் டவுனுக்கு வந்த பிறகும் பூக்கிற பருவத்தில் நான் போய் ஒத்தாசை செய்வேன். காலையில் விரிந்த பூவின் மகரந்தத்தை எடுத்து, பக்கவாட்டில் நீண்டிருக்கும் சூல்முடியில் கையாலேயே தொட்டுவிட வேண்டும். வண்டை நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. வெயில் ஏறிவிட்டால் வேலைக்கு ஆகாது.

செடி முழுக்க நஞ்சு. கிழங்கும் நஞ்சு, விதையும் நஞ்சு. வேலிப் பக்கம் ஒரு ஆட்டை அண்ட விடமாட்டார் அப்பா. வேலைக்கு வந்த பெண்கள் கை கழுவாமல் தூக்குவாளியைத் திறந்தால் காடே அதிரக் கத்துவார். "சோப்புப் போட்டயா? மறுக்கா போடு!" இவ்வளவு பயந்த மனுஷனுக்குத்தான் அப்படி ஒரு முடிவு. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

வினை ஒரு விவசாயக் கூட்டத்தில் ஆரம்பித்தது. சட்டையை இன் பண்ணிய ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்த விதைக்குள் கோல்ச்சிசின் என்றொரு ஆல்கலாய்டு இருக்கிறது, மூட்டு வீக்கத்துக்கு அது மருந்து, இதயத்தைச் சுற்றி வரும் அழற்சிக்கு மருந்து, பரம்பரையாக வரும் ஒருவகைக் காய்ச்சலுக்கு மருந்து, இன்னும் என்னென்னவோ நோய்களுக்கு ஆராய்ச்சி நடக்கிறது என்று அடுக்கினாராம். அப்பா அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு, வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒப்பித்தார். "வெங்காயம் போட்டா சோத்துக்கு வெஞ்சனம். இதப் போட்டா ஒருத்தனுக்கு உசுரு, கண்ணு" என்பார் என்னிடம். பெருமையென்றால் அப்படியொரு பெருமை.

அந்த வருஷம் பூக்கும் சமயத்தில் அவருடைய கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்தது. போர்வை பட்டால்கூட அலறினார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிவிட்டது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். கிட்னி ஏற்கெனவே பலவீனம், சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்றும் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "உங்க பக்கத்து வெதைல இருந்துதாங்க இத எடுக்கறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வலிகூட மறந்துபோனது.

பந்தலில் பூ விரிந்துகொண்டே இருந்தது. இவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. அம்மா ஒருத்தியாக ஆட்களை வைத்துக்கொண்டு திணறினாள். வலி சீக்கிரம் போக வேண்டுமென்று அப்பா இன்னொரு மாத்திரை போட்டார். அப்புறம் இன்னொன்று. அம்மா அட்டையைப் பிடுங்கப் போனதற்கு அவர் பேசிய நியாயத்தைக் கேளுங்கள். "வெவரங்கெட்டவளே, நஞ்சு காட்டுலதான். கம்பெனிக்காரன் நஞ்சப் பிரிச்சுப்போட்டு மருந்த மட்டும் மாத்தரை ஆக்கறான். நம்ம வெதை நம்மளையே கொல்லுமா?" நெல்லில் உமியைப் பிரிப்பதுபோல என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் வாந்தியும் பேதியும். முந்தின நாள் மீன்குழம்பு சேரவில்லை என்று சாதித்தார். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஒரு பகல் போயிருந்தது. அம்மா முந்தானையில் முடிந்துவந்த காலி அட்டைகளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இத்தனையுமா சாப்பிட்டீங்க?"

"நம்ம காட்டுதுங்க அது" என்றார் அப்பா, படுத்துக்கொண்டே. அந்த நிலையிலும்!

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். "நஞ்சு தனி, மருந்து தனின்னு இதுல கிடையாதும்மா. ரெண்டும் ஒரே சரக்குதான். கொஞ்சமாப் போனா வீக்கத்த அடக்கும். கூடப் போனா உடம்புல ஒவ்வொண்ணா நிறுத்திரும். இதுக்கு மாத்து மருந்து எங்ககிட்ட இல்ல."

ஆனால் அடுத்த நாள் பேதி நின்றது. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். "பாத்தியா, கேட்டிருச்சு" என்று கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். நான் நம்பினேன். பூ வீணாகிறதே என்று தவித்த அம்மாவை, பயப்பட ஒன்றுமில்லை, நீ ஊருக்குப் போ என்று பஸ் ஏற்றிவிட்டேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் கிட்னி நின்றது. பிறகு மூச்சு. பிறகு, எந்த இதயத்துக்கு மருந்து என்று அந்த மைக் ஆள் அடுக்கினாரோ, அந்த இதயம். அளவு பற்றி அந்தப் பாவி ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? மாத்திரை எழுதிய டாக்டர் பேசத்தான் செய்தார், அப்பா காதில் வாங்கவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் கோபித்தேன். அப்பாமேல்தான் அதிகம்.

காரியம் முடிவதற்கு முன்பே அம்மா காட்டில் இறங்கிவிட்டாள். புருஷன் செத்த ஈரம்கூடக் காயவில்லை என்று பங்காளி வீட்டுப் பெண்கள் பேசினார்கள். "பூவுக்கு எழவு வீடு தெரியுமா? நீங்க வந்து தொட்டுக் குடுங்களேன், நான் மூலைல உக்காந்துக்கறேன்" என்றாள் அம்மா. ஒருத்தியும் வரவில்லை.

விதை காய்ந்ததும் வியாபாரி வந்தார். முன்பே கொஞ்சம் விதையை மாதிரிக்கு எடுத்துப்போய்ச் சோதித்திருந்தார். "ஏனுங்கம்மா, இந்தச் சுத்துவட்டாரத்துலயே உங்க காட்டு வெதைலதானுங்க மருந்து வீரியம் அதிகம். டெஸ்ட்டுல வந்திருக்குது. ஐயா இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாரு!"

அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்.

விதைத் தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துணியை அம்மா இறக்கினாள்.

"வீரியம் எங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள். "மூட்டையத் தூக்குங்க."