என் சம்பளத்தை நானே எழுதிய கூட்டம்

உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். இயக்குநர்கள் எல்லோரும் இருந்தார்கள். புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பா வரவில்லை. அவரும் பங்கு போட்டவர்தான். "பெத்த பையன் சம்பளத்துக்கு நானே கை தூக்குனா நல்லாவா இருக்கும்?" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பென்னாகரம் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்துக்கு நான் முதன்மைச் செயல் அலுவலர். ஊர் வாயில் 'சியீஓ'. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மூன்று ஆண்டுகளாக என் சம்பளம், மாதம் இருபத்தைந்தாயிரம், அரசு மானியத்தில் வந்தது. அதிகமா குறைவா என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை. மானியம் முடிந்துவிட்டது. இனிமேல் புளி விற்ற லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று முடிவு செய்யத்தான் அன்றைய பொதுக்குழு. ஓசூரில் ஒரு கம்பெனி முப்பதாயிரத்துக்குக் கூப்பிட்டிருந்தது. இங்கே இருபதுக்குக் கீழே இறங்கினால் போய்விடுவது என்று நினைத்திருந்தேன்.

சம்பளம் பேசும்போது நான் வெளியே இருப்பதுதான் முறை. எழுந்தேன்.

"நீ போயிட்டா தீர்மானம் யாரு எழுதறது?" என்றார் தலைவர். உட்கார்ந்தேன்.

எனக்கு மாமா முறையாகும் ஒருவர் பின்வரிசையில் எழுந்தார். "நாள் பூரா வெயில்ல மம்பட்டி புடிச்சாலும் எனக்கு மாசம் பதினஞ்சு தேறாது. ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஃபோன் பேசறவனுக்கு இருவத்தஞ்சா?"

கூட்டம் சிரித்தது. "இதையும் எழுதட்டுங்களா மாமா?"

"எழுது கண்ணு. ஃபேனையும் சேத்து எழுது."

எழுதினேன். தலைவர் குறுக்கிட்டார். "அந்த ஃபோன்லதாங்க புளி மதுரைக்குப் போச்சு. மண்டிக்காரன் கேட்ட வெலைக்கே தள்ளியிருந்தா லாபம் ஏது?"

"அதான் பதினஞ்சு குடுக்கலாங்கறேன். நம்ம பையன்தானே?"

முன்வரிசையில் இருந்த பெண் ஒருவர் திரும்பினார். "வெளியூர்க்காரன்னா சாரு சாருன்னு இருவத்தஞ்சு குடுப்பீங்க. நம்ம வூட்டுப் பையன்னா கொறைப்பீங்களா?"

"ஏம்மா, நீ அவனுக்கு வக்கீலா?" என்றார் மாமா.

"எனக்கும் சேத்துத்தான் பேசறேன். கிலோவுக்கு எட்டு ரூவா. ரெண்டு வருசமா அதேதான். எங்க கூலி ஏறாம இவன் சம்பளம் ஏறக்கூடாது. எங்களுக்கு ஏறுனா இவனுக்கும் ஏறட்டும். அப்படி எழுது சாமி."

கைதட்டல் எழுந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். "லாபம் தாங்குமாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு கையைப் பிசைந்திருக்கலாம். "ரெண்டும் தாங்காதுங்க. எனக்கு இருவத்தஞ்சுன்னா கூலி ஏத்த முடியாது. இருவத்திரண்டுன்னா கிலோவுக்கு ஒரு ரூவா ஏத்தலாம்."

"அப்ப ஓசூரு?" மாமாதான் கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"போகலீங்க மாமா."

இருபத்திரண்டுக்கு முதலில் கை தூக்கியவர் அவர்தான். பிறகு எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஓசூர்க் கம்பெனியின் முதலாளி தனக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று அங்கே வேலை செய்யும் யாருக்கும் தெரியாது. என் சம்பளமோ, அதைக் கொடுக்கப்போகிறவர்கள் என் முகத்துக்கு நேரே பேசி முடித்தது. அதை எழுதும்போது என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

எனக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். நாற்பது டன் புளிக்குக் கூடுதல் கூலி நாற்பதாயிரம். மொத்தம் மூன்று லட்சத்து நாலாயிரம் ரூபாய், எனக்கு மட்டும் இருபத்தைந்து கொடுத்திருந்தால் ஆகியிருப்பதைவிட நாலாயிரம்தான் கூடுதல்.